கீழவீதி வேம்பும் மண்ணுக்குள் போன கம்பியும்

"நான் எந்திரிக்க மாட்டேன் மேடம். வெட்டுறதுன்னா என் தலைமேல போட்டு வெட்டுங்க."

தையல் மிஷினின் மிதியில் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு மல்லிகா இப்படிச் சொன்னபோது காலை பத்து மணி இருக்கும். புரட்டாசி மாதம். வெயில் அடித்தது, ஆனால் காற்றில் மழை வாசனை வந்துவிட்டிருந்தது.

மல்லிகாவின் தலைக்கு மேலே வேப்பமரம். மரத்தின் நடுவே மூன்று மின்கம்பிகள். கம்பிக்குப் பக்கத்துக் கிளையில் எங்கள் ஆள் ஒருவர், இடுப்பில் கயிறும் கையில் அரிவாளுமாக உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு பெண் இருக்கும்வரை அவரால் ஒரு கொப்பைக்கூட வெட்ட முடியாது. அது மல்லிகாவுக்கும் தெரியும்.

எல்.சி. வாங்கியாயிற்று. எல்.சி. என்றால் லைன் கிளியர். சப்-ஸ்டேஷனில் அந்த லைனை நிறுத்தச் சொல்லி, நாங்கள் வேலையை முடித்துத் தகவல் கொடுக்கும்வரை திரும்பப் போடமாட்டோம் என்று எழுதி வாங்குவது. ஆக, மல்லிகா உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்குக் கரண்ட் கிடையாது.

என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நடவு வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறவர், ரைஸ்மில்காரர், ஐஸ் கடைக்காரர். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "இன்னும் அரை மணி நேரம்ங்க." இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

இதில் எனக்குக் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. அன்று நான் போட்டிருந்த ரவிக்கை மல்லிகா தைத்ததுதான்.

தழைக்கு வருகிறவர்கள்

சென்ற வாரம் டிரான்ஸ்பார்மரில் பாம்பு ஏறிய கதையை எழுதியதற்கு, "மின்வாரிய உதவிப் பொறியாளர் என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலைதானே" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த மின்விசிறி ஓடுவதற்காகத்தான் ஐயா நாங்கள் வருடத்தில் இரண்டு மாதம் மரத்தடியில் நின்று வசவு வாங்கினோம்.

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே உள்ள ஊர் அது. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இன்றைக்கும் சிலர் சண்டைக்கு வருவார்கள். பருவமழைக்கு முன்னால் கம்பியோரத்துக் கிளைகளை எல்லாம் வெட்டிவிட வேண்டும். வாய்க்கால் கரைப் பூவரசு, கொல்லைத் தென்னை, வாசல் வேம்பு, யாரும் வைக்காமலே வளரும் ஒதியன். வெட்டாமல் விட்டால் ஐப்பசியில் முதல் காற்றுக்கே கிளை கம்பியில் உரசும், ஊர் இருட்டாகிவிடும்.

வெட்டும்போது திட்டுவார்கள். வெட்டாமல் கரண்ட் போனாலும் திட்டுவார்கள். இரண்டு வசவும் ஒரே வாயிலிருந்து வரும். "எங்க வீட்டு மாமரத்தை விட்டுடுங்க மேடம், அடுத்த வீட்டுது பாருங்க, கம்பியிலயே ஏறி உக்காந்திருக்கு" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பாட்டு.

எங்களை வரவேற்கிற ஒரே கூட்டம் ஆடு வளர்க்கிறவர்கள். எங்கள் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று ஆபீசுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். கயிற்றோடு வந்து நின்று, விழுகிற தழையை அங்கேயே பங்கு பிரித்துக்கொண்டு போவார்கள். "நாளைக்கு எந்தத் தெரு மேடம்?" என்று மரியாதையாக விசாரிப்பார்கள். இவ்வளவு மரியாதை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

வெட்டிய மரத்தைப் பார்க்க நன்றாக இருக்காது. நடுவகிடு எடுத்த தலை மாதிரி இரண்டாகப் பிளந்து நிற்கும். கீழவீதி வேம்பும் பல வருடங்களாக அப்படித்தான் நின்றது.

அந்த மரத்தில் மல்லிகாவுக்கு என்ன அவ்வளவு பிடிவாதம் என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். காரணம் இருந்தது. கீழவீதியில் கிழக்கே வீடுகள், மேற்கே கோயில் மதில். மதிலோரம் ஒரு குறுகிய மண் தரை, அதில்தான் மரம். இடம் கோயிலுடையது. அங்கே கொட்டகை போடக் கூடாது, கல் வைக்கக் கூடாது. "மரத்தடியில உக்காந்து தைக்கிறதுன்னா தைச்சுக்க" என்று கோயில் நிர்வாகி எப்போதோ வாய்வார்த்தையாகச் சொன்னதுதான் மல்லிகாவுக்கு இருந்த பட்டா. கணவர் குவைத்தில் லாரி ஓட்டப் போனவர் முதுகெலும்பில் அடிபட்டுத் திரும்பி வந்து வீட்டில் இருந்தார். மரம் இருந்தால் நிழல், நிழல் இருந்தால் கடை. அவ்வளவுதான் கணக்கு.

மேலே காற்று, கீழே தண்ணீர்

"கம்பியைப் பூமிக்கு அடியில போட்டா இந்தத் தொல்லையே இல்லையே, பட்டணத்துலல்லாம் அப்படித்தானே இருக்கு?" என்று வருடத்துக்கு நான்கு பேராவது என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் கலியபெருமாள் அண்ணன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "மேல இருந்தா காத்து பாத்துக்கும், கீழ போட்டா தண்ணி பாத்துக்கும். நமக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்." வேலையில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். சிரிக்காமல் பேசுவார்.

அவர் சொன்னது உண்மை. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கள் பக்கம் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று வந்துவிடும். களிமண் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கேபிளின் இணைப்பில் ஈரம் இறங்கினால் போச்சு. கம்பி மேலே இருந்தால் எங்கே அறுந்தது என்று கண்ணால் பார்க்கலாம். மண்ணுக்குள் இருந்தால் எங்கே புண் என்று கண்டுபிடிக்கவே நாள் கணக்கில் ஆகும்.

ஆனால் அந்தப் பெரிய புயலுக்குப் பிறகு எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை குறைந்துபோயிற்று. எந்தப் புயல் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே அதிராம்பட்டினம் பக்கம் எங்களை அனுப்பினார்கள். மின்கம்பங்கள் வரிசையாக வயலில் படுத்துக் கிடந்தன. தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துக் கிடந்தன. இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போன ஆட்களுக்குப் பின்னால் நானும் நடந்தேன். அன்றைக்கு என் முழங்காலில் வந்த வலி இன்றைக்கும் மாடிப்படியில் என்னோடு ஏறுகிறது. 'இதெல்லாம் மண்ணுக்குள்ளே இருந்திருந்தால்' என்று அந்த நாட்களில் நினைக்காத ஆளே எங்களில் இல்லை.

எங்கள் ஊருக்கு அந்த வாய்ப்பு தேர் மூலமாக வந்தது. வருடாவருடம் தேரோட்டத்துக்கு நான்கு வீதியிலும் கம்பியை அறுத்துக் கீழே இறக்கி, தேர் நிலைக்கு வந்த பிறகு மறுபடி இழுத்துக் கட்டுவோம். அதற்கு முடிவு கட்ட, நான்கு தேரோடும் வீதிகளுக்கு மட்டும் புதைகேபிள் என்று மேலிடத்தில் அனுமதி ஆனது. அந்தக் கடிதம் என் மேஜைக்கு வந்த இரண்டாம் நாள்தான் மல்லிகா மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தது.

நான் கொடுத்த வாக்கு

ஆகவே அந்தக் காலையில் என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"மல்லிகா, இதுதான் கடைசித் தடவை. வர்ற வருஷம் கம்பி மண்ணுக்குள்ள போயிடும். அப்புறம் உங்க மரத்தை யாரும் தொடமாட்டாங்க."

"நெசமாவா மேடம்?"

"ஆர்டர் வந்துருச்சு. நான் சொல்றேன்ல?"

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிஷினின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கி, "அந்தப் பக்கம் பிடிங்க அண்ணே" என்று கலியபெருமாள் அண்ணனைக் கூப்பிட்டார். இருவருமாக மிஷினை எதிர்வீட்டு வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். கிளைகள் விழுந்தன. ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது.

அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சண்டை இல்லாமல், போலீஸ் இல்லாமல் முடித்துவிட்டேனே என்று.

ஒரு முழம் மண்

கோடையில் வாய்க்கால்கள் வறண்டதும் தோண்டலாம் என்று திட்டம். வீதியின் கிழக்கே வீட்டு வாசல் ஓரமாகக் கேபிளைப் போடுவதாக வரைபடம் தயாரித்திருந்தேன். அங்கே சிமெண்ட் இல்லாத மண் பட்டை ஒன்று வாகாக இருந்தது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் விட்டது என் தப்பு.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பந்தல் போடும் செல்வமணிதான் முதலில் எழுந்தார்.

"மேடம், அந்த மண்ணு சும்மா கெடக்கலைங்க. பந்தக்கால் நடுறதுக்கு விட்டிருக்கு. தெருவுக்கு சிமெண்டு போட்டப்பவே சண்டை போட்டு ஒரு முழம் விடச் சொல்லி வாங்குன எடம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீதியில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் வீட்டு வாசலில் குழி தோண்டி, நவதானியம் போட்டு, பால் ஊற்றி மூங்கில் நடாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். முகூர்த்த மாதத்தில் வாரத்துக்கு மூன்று வாசலில் கடப்பாரை இறங்கும்.

"கீழ கேபிள் இருக்குன்னு எங்காளுக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பரபரப்புல மாப்பிள்ளையோட மாமா கடப்பாரையைப் புடுங்கிக் குத்துனா? அவர் வெளியூர்க்காரர். அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் செல்வமணி.

"ஆழமாத்தான் போடுவோம், மேல செங்கல் அடுக்குவோம்" என்றேன்.

"செங்கல்லு தட்டுனா நல்லா குத்துடாம்பான் நம்ம ஆளு."

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது அப்படியே நடக்கும்.

வீதியின் நடுவே போட முடியாது, தேரின் கனம் அங்கேதான் இறங்கும். மிச்சம் இருந்தது மேற்குப் பக்கம். மதிலோரத்து மண் தரை. மல்லிகாவின் மரம் நிற்கிற தரை.

வேம்பைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தது. மரத்துக்கு முன்னால் மட்டும் பத்துப் பதினைந்து அடி நீளத்துக்கு சிமெண்ட் சாலையை உடைத்து, வளைத்துப் போடலாம். அதற்குப் பேரூராட்சியில் சாலை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். புதிய மதிப்பீடு, புதிய கடிதம், மறுபடி மேலிடம். எப்படியும் ஒரு மாதம் ஆகும். தேருக்குக் கொடியேற்ற ஐந்து வாரம்தான் இருந்தது.

அந்த மாதம் நான் மிகவும் களைத்திருந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். மூன்று லைன்மேன் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான் இருந்தார். வீட்டில் மாமியாருக்கு டயாலிசிஸ். இன்னொரு கடிதம் எழுத என் கை வரவில்லை. மதிலோரமாகவே நேராகப் போகட்டும் என்று வரைபடத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

வேர்

தோண்டிய மூன்றாம் நாள் மரத்தை நெருங்கினார்கள். பள்ளம் மரத்திலிருந்து ஒரு கை தூரத்தில் வந்தது. ஜேசிபி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"மேடம், வேர் வருது. தொடை கனத்துல ரெண்டு, கை கனத்துல நாலஞ்சு. என்ன பண்ண?"

கலியபெருமாள் அண்ணன் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். மேலே ஏறி வந்து என்னைத் தனியாக அழைத்தார்.

"இந்தப் பக்கத்து வேர் மொத்தமும் இதுதான் மேடம். அந்தப் பக்கம் மதில் அஸ்திவாரம், பெருசா ஒண்ணும் போயிருக்காது. இதை எடுத்துட்டா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

"வெட்டிடுங்கண்ணே" என்றேன்.

மல்லிகா மிஷினை விட்டு எழுந்து பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கோடரி விழும் சத்தம் மேலே கிளையில் விழுவது மாதிரி இல்லை. ஈரமாக, மந்தமாக இருந்தது. வெள்ளை வெளேரென்று வேரின் உள்பக்கம் தெரிந்தது.

"வேரை வெட்டுறாங்களே மேடம், மரத்துக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒண்ணும் ஆகாது மல்லிகா. வேர் திரும்ப வளந்துரும்."

"கெளை வெட்டுனா துளுக்குற மாதிரியா?"

"ஆமா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தார். கலியபெருமாள் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

கம்பங்களைப் பிடுங்கினோம். வீதி திடீரென்று அகலமானது மாதிரி இருந்தது. அந்த வருடம் தேர் கம்பித் தொல்லை இல்லாமல் ஓடியது. எனக்குப் பொன்னாடை போட்டார்கள். அந்தத் துணியைக் கொண்டுபோய் மல்லிகாவிடமே கொடுத்து, தலையணை உறை தைத்து வாங்கிக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் யாரும் மரத்தைத் தொடவில்லை. அடுத்த வருடமும் தொடவில்லை. நடுவகிடு மூடி, வேம்பு முதல்தடவையாக ஒரே தலையாகத் திரண்டது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மல்லிகா மேலே கைகாட்டிச் சிரிப்பார். "பாத்தீங்களா மேடம், இப்பத்தான் மரம் மாதிரி இருக்கு" என்பார். வேர் வளர்ந்திருக்கும் என்று நானே ஏறக்குறைய நம்ப ஆரம்பித்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை

இரண்டாம் வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் விடியும்போது காற்றும் சேர்ந்துகொண்டது. பெரிய புயல் எல்லாம் இல்லை. கதவு படபடக்கிற காற்று, அவ்வளவுதான்.

ஏழரை மணிக்கு மல்லிகா போன் செய்தார்.

"மேடம், மரம் சாஞ்சிருச்சு."

இத்தனை வருடப் பழக்கம், என் வாயில் முதலில் வந்தது இதுதான். "கரண்ட் இருக்கா?"

"இருக்கு மேடம். ஒரு நிமிஷம்கூட போகல."

நான் போனபோது வேம்பு வீதிக்குக் குறுக்கே கிடந்தது. அந்த நேரத்தில் தெருவில் யாரும் இல்லாததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஷின் அடியில் மாட்டியிருந்தது, சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. வேர்ப்பக்கத்தைப் பார்த்தேன். பள்ளம் போன பக்கம் கத்தியால் நறுக்கிய மாதிரி நேராக, கறுத்து இருந்தது. புது வேர் என்று பார்த்தால் விரல் கனத்தில் நாலைந்து இழைகள். இவ்வளவு பெரிய தலையை அதுவா பிடித்துக்கொள்ளும்?

ஆட்டுக்காரர்கள் கயிற்றோடு வந்து நின்றார்கள். மல்லிகாவைப் பார்த்துவிட்டுத் தழையில் கை வைக்காமல் ஒதுங்கியே நின்றார்கள்.

என் போன் அடித்தது. மேலதிகாரி. மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். "உங்க டவுன்ல தேர் வீதி நாலு மட்டும்தான் ட்ரிப் ஆகாம நிக்குதுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. வெரி குட்ம்மா. இதைத்தான் மத்த ஊருக்கும் மாடலா காட்டப்போறோம்" என்றார். மல்லிகா எதிர்வீட்டு வாசலில் நனைந்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை அணைத்தேன்.

"கோயில்லேர்ந்து ஆள் வந்துட்டுப் போனாங்க மேடம். மரத்தை அப்புறப்படுத்துன கையோட இந்த எடத்தை வண்டி நிறுத்துறதுக்கு விட்டுடுவாங்களாம்."

"நான் பேசிப் பாக்குறேன் மல்லிகா."

"என்னன்னு பேசுவீங்க? மரத்தடியில உக்காரத்தான சொன்னாங்க."

அவர் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, வேர்ப்பக்கம் குனிந்து, அந்தக் கறுத்த வெட்டுவாயில் கை வைத்துப் பார்த்தார்.

"வருசா வருசம் கெளையை வெட்டிக்கிட்டே இருந்திருந்தா நின்னிருக்குமா மேடம்?"

பார்க்கலாம், விசாரிக்கிறேன், சொல்ல முடியாது என்று என்னிடம் எத்தனையோ பதில்கள் கைவசம் உண்டு. அன்றைக்கு அதில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

"நின்னிருக்கும்" என்றேன்.

அவர் அழவில்லை. கோபப்படவும் இல்லை. முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அளவு தப்பிய ரவிக்கையைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்:

"அந்த வேரை வெட்டுனா மரம் போயிரும்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் குழிக்குள்ள எறங்கி நின்னிருப்பேனே மேடம்."

நின்றிருப்பார். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.